ஆங்கிலக் கட்டுரை: இலக்கணப் பயத்தால் தாளை வெறுமையாக விட வேண்டாம்

ஜார்ஜ்டவுன் - ‘எனக்கு இலக்கணம் வராது’ என்று ஆங்கிலக் கட்டுரைக் கேள்விக்கு விடை எழுதாமலே விட்டுவிடும் மாணவர்கள் உண்டு. மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை அறிந்தால் அந்தப் பயம் குறையும்.

2021ஆம் ஆண்டுத் தேர்வு முதல் எஸ்.பி.எம். ஆங்கிலம் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடைபெறுகிறது. எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள்: சுமார் 80 சொற்களில் மின்னஞ்சல் பதில், 125 முதல் 150 சொற்களில் குறிப்புகளைக் கொண்ட கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் நீண்ட கட்டுரை. ஒவ்வொரு பகுதிக்கும் 20 மதிப்பெண். கருத்து, நோக்கத்திற்கேற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி ஆகியவற்றுக்குத் தலா 5. இலக்கணமும் சொல்வளமும் ‘மொழி’ என்ற ஒரு கூறில்தான் அடங்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் கையாளக்கூடிய வழிகள்:

1. கேள்வியைப் பிரித்தல்: யாருக்கு எழுதுவது, எந்தெந்தக் குறிப்புகளுக்குப் பதில் வேண்டும் என்று கோடிடச் செய்யலாம். ஒரு குறிப்பை விட்டாலும் கருத்துக்கான மதிப்பெண் குறையும்.

2. தமிழில் திட்டமிடல்: கருத்துகளைத் தமிழிலோ மலாயிலோ குறித்துக்கொண்டு, பிறகு சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதலாம். மனப்பாடக் கட்டுரை கேள்விக்குப் பொருந்தாமல் போகக்கூடும்.

3. பிழையின் வேரைக் காட்டுதல்: ‘என் அப்பா ஓட்டுநர்’ என்ற வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை, மலாயிலும் தேவையில்லை. அதனால்தான் ‘மை ஃபாதர் டிரைவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் ‘இஸ்’ வேண்டும் என்பதை மூன்று மொழிகளையும் ஒப்பிட்டுக் காட்டினால் எளிதில் புரியும்.

4. வாரம் ஒரு பிழை: தாள் முழுவதும் சிவப்பு மையால் திருத்தினால் மாணவர் மனம் சோர்வார். ஒரு வகைப் பிழையை மட்டும் குறித்து, அதே கட்டுரையை மீண்டும் எழுதச் சொல்லலாம்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் உதவலாம். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும். ‘பிறகு என்ன ஆச்சு? ஏன் அப்படி?’ என்று அவர்கள் கேட்கும் இடத்தில்தான் கட்டுரையில் ஒரு வரி குறைகிறது.

வீட்டில் இட வசதி இல்லாத ஜார்ஜ்டவுன் மாணவர்கள், ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு டிஜிட்டல் நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.