கலங்கல் நீரைத் தெளியவைக்கும் கடல் பற்றீரியாக்கள்

இடம்பெயர்ந்து அலைந்த நாட்களில் குளத்து நீரைத் துணியால் வடித்துக் குடித்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். எத்தனை முறை வடித்தாலும் நீரின் மங்கல் முழுமையாக நீங்காது. களிமண்ணின் நுண்ணிய துணிக்கைகள் துணியின் இழைகளுக்கூடாகச் சென்றுவிடும். அவை மறை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதந்தபடியே இருக்கும். அவற்றை ஒன்றுசேர்த்துப் பாரமாக்கி அடியில் படியச் செய்யும் பொருளையே திரட்டி என்கிறோம்.

எமது முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளியவைத்தனர். முருங்கை விதையில் உள்ள நேர் மின்னேற்றப் புரதமும் இதே வேலையைச் செய்கிறது. இன்று நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலும் பயன்படுவது படிகாரம். அது மலிவானது, விரைவாக வேலை செய்வது. ஆனால் அலுமினியம் கலந்த சேற்றை மிச்சம் விடுகிறது. பொலிஅக்ரிலமைட்டு என்ற செயற்கைத் திரட்டியும் உண்டு. அதில் எஞ்சக்கூடிய அக்ரிலமைட்டு நரம்புகளைப் பாதிக்கும். மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதென அதனைச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் வகைப்படுத்தியது.

இவற்றுக்கு மாற்றாகவே பற்றீரியாக்கள் சுரக்கும் திரட்டிகள் ஆராயப்படுகின்றன. கடலில் வாழும் பற்றீரியாக்கள் உப்புச் செறிவையும் உணவுப் பற்றாக்குறையையும் தாங்குவதற்கும், மேற்பரப்புகளில் ஒட்டிக்கொள்வதற்கும் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற பொருளைச் சுரக்கின்றன. அதில் பல்சக்கரைட்டுகளும் புரதங்களும் அடங்கும். இந்த நீண்ட மூலக்கூறுகள் பல துணிக்கைகளை ஒரே வேளையில் பற்றி, அவற்றுக்கிடையே பாலம்போல அமைகின்றன. நீரில் கல்சியம் அயன்கள் இருந்தால் இப்பிணைப்பு பெரும்பாலும் வலுப்பெறும்.

தென்னாபிரிக்காவின் அல்கோவா குடாவில் கடலடிப் படிவிலிருந்து பெறப்பட்ட ஹலோமொனாஸ் இனப் பற்றீரியா ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அது பல்சக்கரைட்டுத் திரட்டியைச் சுரப்பதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய ஆய்வுகளில் பற்றீரியாவைச் சீனியும் நைதரசனும் கொண்ட ஊடகத்தில் வளர்த்து, கலங்களை நீக்கி, மீதித் திரவத்தில் அற்ககோல் சேர்த்துத் திரட்டியை வீழ்படிவாக்குவர். பின்னர் வெண்களி கலந்த நீரில் இட்டு, நீர் எவ்வளவு தெளிகிறதென அளப்பர்.

இயற்கையில் இலகுவாகச் சிதைவடைவது இதன் பெரும் நன்மை. ஆனால் கிடைக்கும் அளவு குறைவு, உற்பத்திச் செலவு அதிகம். குடிநீரில் இடுவதற்கு முன் ஒவ்வொன்றினதும் பாதுகாப்பு தனித்தனியே உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஆகவே படிகாரத்தின் இடத்தை இவை இன்னும் பிடிக்கவில்லை.

எந்தத் திரட்டியானாலும் ஒன்றை மறக்கலாகாது: தெளிந்த நீர் எல்லாம் பாதுகாப்பான நீர் அல்ல. திரட்டி அகற்றுவது மிதக்கும் துணிக்கைகளைத்தான். துணிக்கைகளோடு கிருமிகளில் ஒரு பகுதி படிந்தாலும் மீதி நீரிலேயே இருக்கும். யாழ் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் சிக்கலான உவர்ப்பும் நைத்திரேற்றும் நீரில் கரைந்திருப்பவை. இவை திரட்டிக்கு அகப்படுவதில்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று குறையாது. ஆகவே கலங்கல் நீரைத் தெளியவைத்த பின் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும் கிணற்று நீரையும் இடைக்கிடை பரிசோதிப்பித்துக்கொள்வது அவசியம்.