ஆற்காட்டுக் குடும்பமும் புதுவை தந்த அடைக்கலமும்

சில மாதங்களுக்கு முன் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவில் ஸியாரத் செய்து திரும்பிய மாணவர் ஒருவர், பாடம் முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "ஹழ்ரத், அங்கே சந்தா சாஹிபின் கப்றையும் காட்டினார்கள். செங்கல்லைப் பட்டுத்துணியில் சுற்றி, குர்ஆன் என்று சொல்லிச் சத்தியம் செய்தவர் அவர்தாமே? அவருக்காக ஃபாத்திஹா ஓதலாமா என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்" என்றார். ஓதலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதர் யார், எத்தகையவர் என்னும் வினா அத்துடன் முடிந்துவிடவில்லை. நம் பள்ளி வரலாற்று நூல்களில் அவர் கிளைவின் கதையில் தோற்றுப்போக வேண்டியவராக வந்து, தோற்று, மறைந்து விடுகிறார். நெல்லித்தோப்பில் வாழும் எனக்கு அவரை அவ்வளவு எளிதாக விட்டுவிட இயலவில்லை. அவருடைய மனைவியும் மகனும் எட்டாண்டுக் காலம் அடைக்கலம் பெற்றிருந்தது, நான் நாள்தோறும் நடந்து செல்லும் இந்தப் புதுவை நகரத்தில்தான்.

சந்தா சாஹிபின் இயற்பெயர் ஹுஸைன் தோஸ்த் கான். ஆற்காட்டை ஆண்ட நவாயத் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரபு நாட்டு வழிவந்தோராய்க் கொங்கணக் கரையில் நிலைபெற்று, பின் தக்காணத்து அரசுகளில் உயர்ந்தவர்கள் நவாயத்துகள். அக்குடும்பத்தின் ஸஆதத்துல்லாஹ் கான் 1710-ஆம் ஆண்டு முதல் 1732 வரை ஆற்காட்டு நவாபாக இருந்தார். பிள்ளைப்பேறு இல்லாத அவருக்குப்பின் அண்ணன் தம்பி மக்களுள் ஒருவரான தோஸ்த் அலி கான் நவாபானார். தோஸ்த் அலியின் மகளை மணந்தவர் சந்தா சாஹிப். மாமனாரின் திவானாகி, அரசின் வரவு செலவும் படையும் தம் கைக்குள் வரும் அளவுக்கு உயர்ந்தார். வாளைக் காட்டிலும் பேச்சையும் கணக்கையும் நம்பியவர் என்றே அவரைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் வலிமையை அந்நாளில் ஆற்காட்டுப் பிரபுக்களில் எவரையும்விட முன்னதாக அறிந்தவர் அவர். 1739-இல் தஞ்சை மன்னர் தருவதாகச் சொல்லிப் பின்வாங்கிய காரைக்காலைத் தம் படையை அனுப்பிக் கைப்பற்றி, பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார். அந்தக் காரைக்காலின் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை வரும்.

இனி அந்தச் செங்கல். மதுரை நாயக்க அரசர் விஜயரங்க சொக்கநாதர் மறைந்தபின் அரசி மீனாட்சி திருச்சிராப்பள்ளியில் ஆட்சி நடத்தினார். பங்காரு திருமலை என்பவர் உரிமைப் போட்டிக்கு வந்தார். இப்பூசலில் ஆற்காட்டுப் படை நுழைந்தது. தமக்கும் தம் அரசுக்கும் தீங்கு செய்வதில்லை என்று அரசி சந்தா சாஹிபிடம் சத்தியம் வாங்கினார். பெருந்தொகையும் கொடுத்தார். கோட்டைக்குள் வந்தபின் சந்தா சாஹிப் அந்தச் சத்தியத்தைக் காக்கவில்லை. அரசியைக் காவலில் வைத்துத் தாமே ஆளத் தொடங்கினார். அரசி நஞ்சுண்டு மாண்டார். சத்தியம் செய்யப்பட்டது குர்ஆன்மீது அன்று, பட்டில் சுற்றிய செங்கல்மீதுதான் என்பது செவிவழிச் செய்தி. அது உண்மையாயின், செய்தவருக்கு அதில் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. ஃபிக்ஹு நூல்களில் சத்தியம் பற்றிய பாடத்தை ஓதிய முதலாண்டு மாணவருக்கும் தெரியும்: உரிமையோடு சத்தியம் வாங்குகிறவர் எப்பொருளில் அதை வாங்கினாரோ அப்பொருளே கொள்ளப்படும். செய்கிறவர் மனத்துக்குள் வேறொன்றை ஒளித்து வைத்துக்கொண்டு தப்ப முடியாது. துணிக்குள் ஒளித்து வைத்தாலும் அதே சட்டந்தான். செங்கல்லோ வேதமோ, அரசிக்குக் கொடுத்த வாக்கு வாக்குத்தான். இந்தக் களங்கத்தைத் துடைக்க நான் எழுதவில்லை.

தெற்கில் இவை நடந்துகொண்டிருந்தபோது வடக்கிலிருந்து மராட்டியப் படை வந்தது. ரகூஜி போன்ஸ்லே அதன் தலைவர். 1740-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், ஹிஜ்ரி 1153-இல், தாமல்செருவுக் கணவாயில் தோஸ்த் அலியும் அவர் மகன் ஹஸன் அலியும் போரிட்டு மாண்டனர். ஆற்காடு திறந்த வீடாயிற்று. ஐந்து நாள்களுக்குப் பின், மே 25-ஆம் நாள், தோஸ்த் அலியின் விதவை தம் மக்களோடும் பரிவாரத்தோடும் புதுவையின் வழுதாவூர் வாயிலுக்கு வந்து நின்றார். 1500 குதிரை வீரர், 300 ஒட்டகம், இருநூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டி என்று பிரெஞ்சுக் குறிப்புகளை வைத்து எழுதியோர் கணக்குச் சொல்கின்றனர். வந்தது ஒரு குடும்பம் மட்டுமன்று, சிதறிப்போன ஓர் அரசின் எச்சம். சந்தா சாஹிபின் மனைவியும் மகனும் அவ்வாறே இங்கு வந்து சேர்ந்தனர்.

இங்கே ஒன்றைச் சொல்லி மேலே செல்கிறேன். ஆங்கிலேய மன்னர் முதலாம் ஜேம்ஸின் தூதராக ஜஹாங்கீர் பாதுஷாவின் அவைக்கு 1615-இல் வந்த சர் தாமஸ் ரோவைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அவரது நாட்குறிப்பு அச்சில் உண்டு. அவர் புறப்படுவதற்குச் சற்று முன் இரகசியமாக மணந்துகொண்ட மனைவியின் பெயர் எலினர் என்பதுகூட நமக்குத் தெரிகிறது. அந்நாட்டுப் பிரபு குடும்பங்களின் வரலாறு அவ்வளவு நுணுக்கமாகக் காக்கப்பட்டிருக்கிறது. புதுவையின் வாயிலில் நின்ற அம்மையாரையோ நூல்கள் தோஸ்த் அலியின் விதவை என்றே அழைக்கின்றன. அவருடைய மகள், சந்தா சாஹிபின் மனைவி. அவ்வளவுதான். தென்னாட்டின் அடுத்த இருபதாண்டு வரலாற்றைத் திருப்பிவிட்ட பயணத்தை மேற்கொண்ட இரு பெண்களுக்கு இவையே முகவரிகள்.

அப்போது புதுவையின் ஆளுநர் பெனுவா துய்மா. இன்றும் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஆலோசனைச் சபையைக் கூட்டினார். வாயிலைத் திறந்தால் மராட்டியரின் பகை வரும். மூடினால், ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமை 1736-இல் கிடைக்க வழிசெய்த குடும்பத்தையும் காரைக்காலைத் தந்த மனிதரின் மனைவி மக்களையும் கைவிட்டதாகும். வாயில் திறக்கப்பட்டது. பீரங்கி மரியாதையோடு அம்மையார் உள்ளே அழைத்துவரப்பட்டார். இதில் வணிகக் கணக்கு இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நவாயத்துகள் மீண்டும் தலையெடுப்பர் என்னும் எண்ணம் துய்மாவுக்கு இருந்திருக்கும். ஆனால் அந்த நாளில் வென்றுகொண்டிருந்தவர் ரகூஜி. தோற்றவர்களுக்காக வாயிலைத் திறப்பதற்குக் கணக்கு மட்டும் போதாது.

சோதனையும் வந்தது. கப்பம் செலுத்த வேண்டும், சந்தா சாஹிபின் மனைவியையும் மகனையும் அவர்களுடைய செல்வத்தோடு ஒப்படைக்க வேண்டும் என்று ரகூஜி ஆள் அனுப்பினார். பிரெஞ்சுக்காரர் கடைசி ஆள் வரை மடிவார்களேயன்றி அடைக்கலம் புகுந்தோரைக் கொடுக்கமாட்டார்கள் என்பது துய்மாவின் மறுமொழியின் சாரம். வெறும் வாய்ச்சொல்லாக அவர் அதை விடவில்லை. மதில்களைச் செப்பனிட்டார். 1200 ஐரோப்பியரைத் திரட்டியதோடு, 4000 முதல் 5000 வரை முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி கொடுத்தார். பிற்காலத்தில் சிப்பாய் என்று பெயர்பெற்ற படைமுறைக்கு இதுவே வித்து என்று வரலாற்றாசிரியர் மாலிஸன் கருதுகிறார். வந்த தூதுவருக்கு ஆயுதக் கிடங்கையும் பீரங்கி வரிசையையும் சுற்றிக்காட்டி, போகும்போது சில புட்டி இனிப்பு மதுவும் கொடுத்தனுப்பினாராம். அது ரகூஜியின் மனைக்குள் சென்று, அங்கே மிகவும் பிடித்துப்போய், இன்னும் வேண்டுமென்று ஆள் வந்து, அதன் பின்னர்தான் புதுவைமீதான மிரட்டல் தணிந்தது என்றும் கூறுவர். நம் வீட்டுப் பெண்களின் மானத்தைக் காத்ததில் மதுப்புட்டிக்கும் பங்குண்டு என்று எழுத என் பேனா கூசுகிறது. இருந்தாலும் சொல்லப்படுவதை மறைப்பானேன்?

தோஸ்த் அலியின் மூத்த மகன் ஸஃப்தர் அலி பின்னர் புதுவைக்கு நேரில் வந்து நன்றி சொன்னார். தம் தந்தையின் கவசத்தைத் துய்மாவுக்குப் பரிசளித்து, புதுவையை அடுத்த ஊர்கள் சிலவற்றையும் கொடுத்தார். முகலாயப் பேரரசர் முஹம்மத் ஷா துய்மாவுக்கு நவாப் பட்டமும் 4500 குதிரைக்குரிய மன்ஸபும் வழங்கினார். அப்பட்டம் துய்மாவோடு நில்லாமல் அவருக்குப்பின் வந்த துய்ப்ளேக்கும் சேர்ந்தது. கடலோரத்து வணிக ஆளுநர் ஒருவர் தென்னாட்டுப் பிரபுக்களிடையே சமமாக அமரும் தகுதியை இந்த ஓர் அடைக்கலமே பெற்றுத்தந்தது.

ஆனால் அதே ஸஃப்தர் அலி, தம் தங்கை கணவரின் உயர்வைப் பொறாமல் மராட்டியரோடு இரகசியமாகப் பேசினார் என்று கூறப்படுகிறது. ரகூஜி திரும்பிப் போவதாகப் போக்குக் காட்டினார். அதை நம்பிய சந்தா சாஹிப் சேமித்து வைத்த தானியத்தை விற்றுவிட்டார். மராட்டியப் படை திரும்பி வந்து திருச்சிராப்பள்ளியை வளைத்தது. உதவிக்கு வந்த அவருடைய சகோதரர் இருவரும் போரில் மடிந்தனர். 1741 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. சந்தா சாஹிப் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். ஏழாண்டுகள்! அதற்குள் 1742-இல் ஸஃப்தர் அலி உறவினர் சூழ்ச்சியால் வேலூரில் கொலையுண்டார். அவருடைய இளம் மகனும் 1744-இல் கொலையுண்டார். அன்வருத்தீன் கான் ஆற்காட்டு நவாபானார். ஒரு குடும்பம் வேரோடு சாய்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சந்தா சாஹிபின் மனைவியும் மகன் ரஸா சாஹிபும் புதுவை மதிலுக்குள் பத்திரமாக இருந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இக்குடும்பத்தினர் பல இடங்களில் வருகின்றனர்.

1748-இல் சந்தா சாஹிப் விடுதலையானார். மீட்புத்தொகை எவ்வளவு, துய்ப்ளே எவ்வளவுக்குப் பிணை நின்றார் என்பதில் ஆசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. துய்ப்ளேயின் ஆதரவு இருந்தது என்பதில் வேறுபாடு இல்லை. வழியில் மைசூர்ப் பகுதியில் நடந்த போர் ஒன்றில் மகன் ஒருவரை இழந்துதான் அவர் தெற்கே வந்தார். பிரெஞ்சுப் படையும் முஸப்பர் ஜங்கும் துணை நிற்க, 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் அன்வருத்தீனை வென்று ஆற்காட்டு நவாபானார். வில்லியனூரும் பாகூரும் புதுவையோடு சேர்ந்தது அப்போதுதான். இன்றைய புதுவைப் பகுதியின் எல்லைக்கோட்டில் ஒரு பெரும்பகுதி அந்த நன்றிக்கடனால் வரையப்பட்டது.

அந்தக் கடன் அவரை விடவும் இல்லை. நம் சட்டநூல்களில் அமான் என்னும் பாதுகாப்பு வாக்குறுதியைப் பற்றிய பகுதி, கொடுத்தவரின் கடமையோடு நிற்பதில்லை. பிறர் நாட்டில் அமான் பெற்று வாழ்பவர் அந்நாட்டாருக்கு வஞ்சகம் செய்யலாகாது என்றும் வலியுறுத்துகிறது. மீனாட்சி அரசியிடம் வாக்குத் தவறிய இதே மனிதர் பிரெஞ்சுக்காரரிடம் கடைசிவரை தவறவில்லை. அக்காலத்துப் பிரபுக்கள் மாதத்துக்கொரு பக்கம் சாய்ந்தபோதும் அவர் சாயவில்லை. வேறு வழியில்லாமல்தான் என்று சிலர் சொல்லலாம். தம் மனைவி நின்ற வாயிலை அவர் மறக்கவில்லை என்று எண்ணவே எனக்கு விருப்பம்.

பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. அன்வருத்தீனின் மகன் முஹம்மத் அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். 1751-இல் சந்தா சாஹிப் அதை முற்றுகையிட்டிருக்க, கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். தந்தை அனுப்பிய ரஸா சாஹிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டும், முஹர்ரம் காலத்தில் இறுதித் தாக்குதல் நடத்தியும், மீட்க முடியவில்லை. 1752-இல் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையைத் திருவரங்கத் தீவுக்குள் ஒடுக்கிக்கொண்டார். உணவு குறைந்தது, படைவீரர் கலைந்தனர். தப்பிச் செல்ல வழிதேடிய சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியோடு பேசினார். மானோஜி தம் வாள்மீதும் குத்துவாள்மீதும் ஆணையிட்டு, அவரைப் பத்திரமாகக் காரைக்காலில் சேர்ப்பதாக வாக்களித்தார் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று, அந்தக் காரைக்காலைப் பிறருக்குப் பெற்றுத்தந்து. அங்கே போய்ச் சேர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பல்லக்கை எதிர்பார்த்து வந்தவரைக் காவல் காத்திருந்தது. கைதி யாருக்கு உரியவர் என்று முஹம்மத் அலியும் மைசூராரும் மராட்டியரும் ஆங்கிலேயரும் வழக்காடினர். வழக்கை முடிக்க மானோஜி எளிய வழியைத் தேர்ந்தார். ஜூன் மாதத்தில், ஹிஜ்ரி 1165-இல், சந்தா சாஹிபின் தலை கொய்யப்பட்டு முஹம்மத் அலிக்கு அனுப்பப்பட்டது. ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி அதனைத் திருச்சிராப்பள்ளி மதிலைச் சுற்றிக் கொண்டுவந்தனர். மீனாட்சி அரசிக்கு அவர் சத்தியம் செய்த அதே தளவாய் மண்டபத்தில்தான் அவர் உயிரும் பிரிந்தது என்று அவ்வூர் வழக்கு கூறுகிறது. கதை சொல்வோருக்கு இத்தகைய ஒப்புமையில் விருப்பம் அதிகம். நான் அதனை வழக்கு என்ற அளவிலேயே குறிக்கிறேன்.

ரஸா சாஹிபுக்குத் துய்ப்ளே நவாப் பட்டம் சூட்டினார். பட்டம் இருந்தது, நாடு இல்லை. 1761 ஜனவரியில் புதுவையே ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. துய்மா செப்பனிட்ட மதில்களும், அம்மையார் நுழைந்த வாயிலும் இடித்துத் தள்ளப்பட்டன. ரஸா சாஹிப் பிற்காலத்தில் ஹைதர் அலியிடம் சென்று சேர்ந்து, தம் தந்தையைக் கொன்றவர்களின் துணைவரான ஆங்கிலேயரோடு மீண்டும் போரிட்டார்.

முஹம்மத் அலி வாலாஜா 1795-இல் சென்னையில் காலமானார். அவரும் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சந்தா சாஹிபின் தலையைப் பெற்றுக்கொண்டவரும் சந்தா சாஹிபும் இன்று ஒரே வளாகத்தில் இருக்கின்றனர். மாணவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை இருவர் கப்றின் அருகிலும் நிற்பதாகச் சொல்லிவிட்டு, கிதாபை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.