தோல்நோய் என்னும் பெயரும் அது மறைத்த கண்ணும்

சயான் என்னும் பெயர், எல்லை எனப் பொருள்படும் 'சீவ்' என்னும் மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. மராத்தியர் இன்றும் அவ்விடத்தைச் சீவ் என்றே வழங்குவர். பழைய பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தொடங்கும் விளிம்பு அது. நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை விளிம்புக்குத் தள்ளுவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் தாராவியில் நிலைகொண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பலர் அத்தொழிலில் இருந்தனர். அதற்கு அருகிலேயே, மாட்டுங்காவில், வீடற்ற தொழுநோயாளருக்கான காப்பகம் 1890இல் திறக்கப்பட்டது.

அதனை நிறுவ முன்னின்றவர் பம்பாய் மாநகராட்சி ஆணையர் ஹாரி ஆக்வர்த். (பொவாடா என்னும் மராத்தியக் கதைப்பாடல்களைத் தொகுத்து, 1894இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் இவரே. நாட்டுப்புறவியலார் அறிந்த ஆக்வர்த்தும் மருத்துவ வரலாற்றார் அறிந்த ஆக்வர்த்தும் ஒருவர்தாம்.) தெருவில் தென்பட்ட நோயாளரைத் தெருவிலிருந்து அகற்றுவதே காப்பகத்தின் முதல் வேலையாக இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், உடலில் புண் உண்டாகத் தொடங்கியவரையே தொழுநோயாளர் என வரையறுத்தது. சட்டத்தின் பார்வை தோலோடு நின்றது. புண் இன்றிப் பார்வையை மட்டும் இழந்துகொண்டிருந்தவர் அவ்வரையறைக்குள் வரவில்லை.

தோலை வைத்தே நோயை அறியும் பழக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. 'குட்டம்' என்பது 'குஷ்டம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ஆயுர்வேத நூல்கள் குஷ்டத்தைப் பதினெட்டாக வகுக்கும். அவற்றுட் பல, இன்றைய பொருளில் தொழுநோய் அல்ல. தொழுநோயர் என்னும் சொல் அப்பர் தேவாரத்திலேயே உண்டு. அங்கும் கண்முன் நிற்பது அழுகிக் குறைந்த உடலே. இத்தகைய அகன்ற சொற்களுக்குள் வேறு நோய்கள் மறைந்திருக்க இடமுண்டு. அவற்றுள் ஒன்று தோல் நிணநீர்ப் புற்று.

ஐரோப்பாவிலும் அந்நோய் தவறான பெயருக்குள்தான் பிறந்தது. பாரிசின் சேன் லூயி மருத்துவமனையில் ஆலிபேர் என்பவர் 1806இல் அதனை முதன்முதலாக விவரித்தார். நோயாளியின் தோலில் எழுந்த கட்டிகள் காளானை ஒத்திருந்தமையால் 1832இல் 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கச் சொல்லும் காளான், இலத்தீன் சொல்லும் காளான். நோய்க்கும் காளானுக்கும் ஓர் உறவும் இல்லை. பாசின் 1870இல் அதன் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்: திட்டு, தடிப்பு, கட்டி. 1938இல் செசாரி, உடல் முழுவதும் சிவந்த நோயாளரின் குருதியில் இயல்பு மாறிய அணுக்களைக் கண்டார். அது டி-அணுக்களின் புற்று என்னும் பெயர் 1975இல்தான் நிலைபெற்றது. ஆயினும் காளான் பெயர் மறையவில்லை. படர்தாமரையில் தாமரை இல்லாதது போல அதுவும் வழங்கிவருகிறது.

தொழுநோயும் இப்புற்றும் முற்றிய நிலையில் ஒரே முகத்தைத் தருவதுண்டு. நெற்றியும் கன்னமும் தடித்து மடிந்து, புருவமுடி உதிர்ந்த அம்முகத்தை மருத்துவர் சிங்கமுகம் என்பர். முகம் ஒன்றாயினும் கண் கெடும் வழி வேறு.

புற்றில், அணுக்கள் ஊடுருவிய முகத்தோல் இறுகிச் சுருங்குகிறது. அது கீழிமையை இழுத்து வெளிப்புறமாகத் திருப்பிவிடுகிறது. கண்ணீர் உரிய வழியில் வடியாமல் கன்னத்தில் வழியும். கண் எரியும், உறுத்தும். தொழுநோயில் தோலைக்காட்டிலும் நரம்பே முதன்மை. முகநரம்பின் கிளை பழுதுபட்டால் இமை மூடாது. உறக்கத்திலும் கண் திறந்தே இருக்கும் இந்நிலைக்கு 'லாகாஃப்தால்மோஸ்', அதாவது முயற்கண், என்று பெயர். முயல் கண்ணைத் திறந்தபடி உறங்கும் எனக் கிரேக்கர் நம்பினர். அதனோடு கருவிழியின் உணர்வு நரம்பும் கெட்டால், தூசு விழுந்தாலும் வலிக்காது. வலிக்காததால் இமை துடிக்காது. கருவிழி உலர்ந்து புண்ணாகும். முன்னவர் கண் எரிவதால் மருத்துவரிடம் வருவார். பின்னவர் பார்வை மங்கிய பிறகே வருவார். இரண்டனுள் கொடியது வலியற்றதே.

இவை அறியப்படாதவையாக இருந்ததில்லை. நார்வேயின் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல். அதே ஆண்டு, கண் மருத்துவர் புல் என்பவருடன் இணைந்து, தொழுநோயில் கண்ணுக்கு நேரும் கேடுகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கிருமி அவருக்குப் புகழ் தந்தது. கண் பற்றிய நூல் வல்லுநர் வட்டத்தைத் தாண்டவில்லை. மாட்டுங்காக் காப்பகம் திறந்தபோது அந்நூலுக்குப் பதினேழு வயது.

தோல் புற்றில் கண் பற்றிய பெருந்தொகை ஆய்வு இன்னும் பிந்தியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தோர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், டி-அணுத் தோல் புற்றுடைய 2155 பேருள் 42 பேருக்கு நோயினாலான கண் குறைபாடு பதிவாகியிருந்தது. மிகுதியாகக் காணப்பட்டது இமை வெளித்திரும்பலே, 17 பேருக்கு. நூற்றுக்கு இரண்டு என்னும் விகிதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது பழைய நோய்க்குறிப்புகளைப் புரட்டி எண்ணியது. குறிப்பெழுதியவர் கண்ணைப் பார்த்து எழுதியிருந்தால்தான் எண்ணிக்கையில் ஏறும். தோல் மருத்துவர் கண்ணைப் பற்றி எழுதாமல் விட்டவை எத்தனை என்பதை அவ்வெண் சொல்லாது.

இந்தியத் தொழுநோய் மருத்துவத்தில் கண்ணுக்குத் தனி இடம் பெற்றுத் தந்தவர்களுள் வேலூரில் பணியாற்றிய மார்கரெட் பிராண்ட் முதன்மையானவர். கை கால் அறுவைக்காகக் கணவர் பால் பிராண்டின் பெயர் உலகறிந்தது. மனைவியின் பெயர் அத்துணை பரவவில்லை. பம்பாயில், ஆக்வர்த் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர். கணபதி 1976இல் பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தைத் தொடங்கினார். அதன் அலுவலகம் சயான்-சுனாபட்டியில் அமைந்தது. களம் தாராவி முதலிய குடிசைப் பகுதிகள். நோயாளியைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் அவர் வாழும் சந்துக்கே மருத்துவத்தைக் கொண்டு செல்வது அதன் முறை. ஆக்வர்த்தின் திசைக்கு நேர் எதிர்த்திசை அது.

இன்று சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கருநிறத் தோலில் இப்புற்றின் ஒருவகை வெளிறிய திட்டுகளாகத் தொடங்கும். தேமலென்றோ தொழுநோயென்றோ அதனை எளிதில் கொள்ளலாம். பஞ்சு நுனியால் தொட்டால் ஒரு குறிப்புக் கிடைக்கும்: தொழுநோய்த் திட்டில் உணர்வு குன்றியிருக்கும், புற்றின் திட்டில் பொதுவாக இருக்கும். உறுதி செய்வது தோல் துணுக்குப் பரிசோதனை. கண்ணுக்கு இவ்வளவும் வேண்டா. உறங்குவதுபோல மெல்லக் கண்ணை மூடச் சொல்லி, இமைகளுக்கிடையே வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. களப்பணியாளர் சந்தின் வாயிலில் நின்றே அதைச் செய்துவிடலாம். தோல் பிரிவின் நோயாளிச் சீட்டில் அந்த விடையை எழுதத்தான் பல இடங்களில் இன்னும் ஒரு கட்டம் இல்லை.