வாழ்க்கைத்துணை விசாவும் ஸ்பான்சரின் வரி பாக்கியும்: அமெரிக்க நடைமுறை

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ வெளிநாட்டிலுள்ள கணவனையோ மனைவியையோ குடியேற்ற விசாவில் அழைக்கும்போது, அவரைத் தம் வருமானத்தில் தாங்க முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிப் பத்திரம் ஐ-864 படிவம். அதில் கையொப்பமிடுபவர் ஸ்பான்சர். ஸ்பான்சரின் வருமானத்துக்கு அரசு முதலில் கேட்கும் சான்று அவருடைய கூட்டாட்சி வருமான வரிக் கணக்கு. விசாக் கோப்புக்குள் வரி நுழைவது இந்த வழியில்தான். கணக்கே தாக்கல் செய்யாமல் இருப்பது விண்ணப்பத்தை நிறுத்திவிடும். கணக்கைக் கொடுத்துவிட்டு வரியைக் கட்டாமல் வைத்திருப்பது தன்னளவில் நிறுத்தாது. இவை இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலங்குவோர் பலர்.

தோற்றம்

வந்தவர்கள் ஊர்ப் பணத்தில் வாழத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தைவிடப் பழையது. இங்கிலாந்தின் ஏழையர் சட்டங்களைப் பின்பற்றி, மாசசூசெட்ஸ் போன்ற பகுதிகள் குடியேற்றக் காலத்திலேயே வறியவர்களைக் கரையிறக்கத் தயங்கின. கப்பல் தலைவர்களிடம் பிணை கேட்டன. பிற்பாடு நியூயார்க் ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வாங்கியது. வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது காங்கிரசின் வேலை, மாநிலங்களின் வேலையல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் 1849இலும் 1876இலும் இத்தகைய ஏற்பாடுகளைத் தள்ளுபடி செய்தது. வருவாய் இழந்த துறைமுக மாநிலங்கள் வாஷிங்டனை நெருக்கின. 1882 ஆகஸ்ட் 3இல் வந்த குடிவரவுச் சட்டம் அந்த நெருக்கடியின் பலன். பயணி ஒருவருக்கு 50 சென்ட் வரி விதித்த அச்சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாது பொதுச்சுமையாகிவிடும் நிலையில் உள்ளவர்களை இறங்கவிடக் கூடாது என்றது. 1891ஆம் ஆண்டுச் சட்டம், பொதுச்சுமை ஆகக்கூடும் என்று தோன்றுகிறவரையும் இந்த விலக்கில் சேர்த்தது. வந்தவரின் எதிர்காலத்தை அதிகாரி ஊகித்துச் சொல்லும் முறைக்கு அங்கே வித்திடப்பட்டது. அந்த ஊகத்துக்கு நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது 1915இல். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் வேலை கிடைப்பது அரிது என்பதற்காக, அங்கே போக வந்த ரஷ்யர்களைத் திருப்பி அனுப்பியது தவறு என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். ஒருவரைச் சுமை என்று சொல்ல அவரிடமே காரணம் இருக்க வேண்டும், ஊரின் வேலைநிலை காரணமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வரிக் கணக்கு இந்தக் கதைக்குள் வருவது 1930களில். பெருமந்தத்தின்போது, 1930 செப்டம்பரில், பொதுச்சுமை விதியைக் கடுமையாகப் பொருள்கொள்ளும்படி அதிபர் ஹூவரின் அரசு தூதரகங்களுக்கு அறிவுறுத்தியது. கையில் பணமில்லாதவருக்கு அமெரிக்காவில் இருக்கும் உறவினரே துணை என்றாகியது. ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்கள் திரட்ட வேண்டியிருந்த ஆவணங்களில் உறவினரின் உறுதிப் பத்திரம், வங்கிக் கடிதம் இவற்றோடு, அந்த உறவினர் கடைசியாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கின் சான்றிட்ட நகலும் இருந்தது. கடல்கடந்து உயிருக்குப் போராடியவரின் விதி, சிகாகோவிலோ புரூக்ளினிலோ இருக்கும் மாமனின் வரித்தாளில் தொங்கியது.

அக்காலப் பத்திரங்களுக்குச் சட்ட வலு கிடையாது. கொடுத்த வாக்கை மீறிய ஸ்பான்சரிடம் செலவை வசூலிக்க மாநில அரசுகள் முயன்றபோது, நியூயார்க், மிச்சிகன் நீதிமன்றங்கள் 1950களின் இறுதியில் இது தார்மீகக் கடமை மட்டுமே என்று கைவிரித்தன. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, 1996 செப்டம்பர் 30இல் அதிபர் கிளின்டன் கையொப்பமிட்ட குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதன்படி ஐ-864 ஓர் ஒப்பந்தம். 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அழைத்து வரப்பட்டவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நிரந்தர வதிவிட உரிமையை விட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போகும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை இது கட்டுப்படுத்தும். மணமுறிவு இதை முறிக்காது. விவாகரத்துப் பெற்றவர் ஜீவனத்துக்காக ஸ்பான்சர் மீது இதன் பேரில் வழக்கு தொடரலாம். அவர் வேலை தேடியிருக்க வேண்டும் என்று ஸ்பான்சர் வாதிட முடியாது என ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கணக்குத் தாக்கல்

1996ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரிக் கணக்கைக் கேட்டது. 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இறுதி விதி அதைக் கடைசி ஓராண்டாகக் குறைத்தது. முந்தைய இரண்டும் ஸ்பான்சரின் விருப்பம். கணக்கின் நகலுக்குப் பதில் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இலவசமாகத் தரும் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்தாலும் போதும்.

கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தும் கொடுக்காதவருக்குத் தப்ப வழியில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளில் எதிலாவது அப்படி விட்டிருந்தால், காலம் கடந்த கணக்குகளை எல்லாம் தாக்கல் செய்து அதற்கான டிரான்ஸ்கிரிப்டை இணைக்கும்படி படிவத்தின் அறிவுரை சொல்கிறது. வருமானம் வரம்புக்குக் கீழே இருந்ததால் கணக்குத் தேவைப்படாதவர் அதை எழுத்தில் விளக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்கள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள். எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. வேண்டுமென்றே ஏய்க்காதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். ஒரு சலுகை வழி வைத்திருக்கிறது. மூன்றாண்டு வரிக் கணக்கையும் ஆறாண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையையும் கொடுத்தால் நேராகிவிடலாம்.

கோப்பை முதலில் பார்ப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத்தில் உள்ள தேசிய விசா மையம். அங்கே தவறிப்போன குறை நேர்காணலில் பிடிபட்டால், அதிகாரி 221(ஜி) பிரிவின்படி விசாவை மறுத்து, இன்ன காகிதம் கொண்டுவா என்று தாள் கொடுப்பார். கேட்டதை ஓராண்டுக்குள் கொடுத்தால் விண்ணப்பம் உயிர்பெறும். கூட்டு ஸ்பான்சர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் கணக்குத் தாக்கலிலிருந்து தப்பிக்கலாம் என்பது தவறான எண்ணம். கூட்டு ஸ்பான்சர் வருமானக் குறையைத்தான் ஈடுகட்டுவார். மனுக் கொடுத்த துணைவர் தம் ஐ-864ஐயும் வரிக் கணக்கையும் அப்போதும் கொடுத்தாக வேண்டும்.

கட்டாத வரி

ஐ-864இல் வரி பாக்கி எவ்வளவு என்று கேட்கும் கட்டமே கிடையாது. அதிகாரி பார்ப்பது மொத்த வருமானம். கழிவுக்கும் வரிக்கும் முந்தைய தொகையான அது 1040 படிவத்தின் 9ஆம் வரியில் இருக்கிறது. அது குடும்ப அளவுக்குரிய வறுமை வரம்பில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். 2025 வரம்பின்படி இருவர் குடும்பத்துக்கு இது 26,437 டாலராக இருந்தது. அலாஸ்கா, ஹவாய்க்கு வேறு கணக்கு. படைப்பணியில் இருப்பவர் துணைவரை அழைத்தால் 100 விழுக்காடு போதும். டிரான்ஸ்கிரிப்டிலும் இரு வகை உண்டு. விசாவுக்குக் கொடுக்கும் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட், தாக்கலானபோது கணக்கு எப்படியிருந்தது என்பதைக் காட்டும். பின்னர் வரி கட்டப்பட்டதா, அபராதம் ஏறியதா என்பதெல்லாம் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டில்தான் வரும். பாக்கியை முழுக்கத் தீர்த்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவுரை தேவையற்ற அச்சத்தில் பிறந்தது.

ஆயினும் பாக்கி வேறு வாசல்களில் நுழையும். வருமானம் போதாதபோது சொத்தைக் காட்டலாம். குடிமகனின் துணைவருக்குக் குறைபடும் தொகையைப் போல் மூன்று மடங்கும், பெரும்பாலான பிறருக்கு ஐந்து மடங்கும் சொத்தின் நிகர மதிப்பு இருக்க வேண்டும். சொந்தமாக வாடகைக் கார் ஓட்டும் குடிமகன் ஒருவர் 60,000 டாலர் வசூலில் 42,000 செலவு காட்டி, 18,000க்கு வரிக் கணக்கு எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். வரியைக் குறைத்த அதே செலவுக் கணக்கு இங்கே அவருக்கு எதிராக நிற்கும். 2025இன் இருவர் குடும்ப வரம்புக்குக் குறை 8,437, மூன்று மடங்கு 25,311. அவர் வீட்டின் மதிப்பு 3,00,000, அடமானக் கடன் 2,50,000 என்றால் மிஞ்சும் 50,000 தாராளம். ஆனால் ஐ.ஆர்.எஸ். அந்த வீட்டின் மேல் 30,000 டாலருக்கு வரிப் பற்றுரிமை பதிந்திருந்தால் மிஞ்சுவது 20,000. விண்ணப்பம் அங்கே சறுக்கும்.

ஸ்பான்சர் தம் வருமானத்தைத் தொடர்ந்து தக்கவைக்க மாட்டார் என்று குறிப்பான காரணங்களால் தெரிந்தால், படிவத்தைப் போதாது என்று ஒதுக்க அதிகாரிக்கு விதி இடமளிக்கிறது. ஐ.ஆர்.எஸ். சம்பளத்திலேயே கைவைத்திருக்கும் நிலை இப்படிப்பட்ட கேள்வியைக் கிளப்பலாம். தவணை ஒப்பந்தத்துக்கு 9465 படிவத்தைக் கொடுத்து, மாதந்தோறும் கட்டிவரும் ரசீதுகளை வைத்திருப்பது அதற்கு நல்ல பதில். தாமத அபராதமும் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கணக்குக் கொடுக்காததற்கு மாதம் 5 விழுக்காடு, கட்டாததற்கு மாதம் 0.5 விழுக்காடு, இரண்டுக்கும் உச்சம் 25 விழுக்காடு. ஏப்ரலில் கேட்கும் கால நீட்டிப்பு கணக்கைத் தள்ளிவைக்குமே தவிர, வரியைத் தள்ளிவைக்காது.

பெரிய பாக்கிக்கு இன்னொரு விளைவும் உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி 50,000 டாலரைத் தாண்டிய கடும் பாக்கியை ஐ.ஆர்.எஸ். வெளியுறவுத் துறைக்குத் தெரிவிக்கும். விலைவாசிக்கேற்ப உயரும் இந்த வரம்பு 2025இல் 64,000 ஆக இருந்தது. அதன் பேரில் பாஸ்போர்ட் மறுக்கப்படுவது ஸ்பான்சருக்கு. துணைவரின் விசாவை அது தொடுவதில்லை. தவணை ஒப்பந்தத்தில் இருப்பவர் இந்தப் பட்டியலில் சேர்வதில்லை.

திருமண நிலை

பாக்கியைவிட அடிக்கடி தலைவலி தருவது வேறொன்று. திருமணமான பிறகும், மனைவி வெளிநாட்டில்தானே இருக்கிறார் என்று மணமாகாதவர் என்ற பிரிவில் கணக்கைக் கொடுத்துவிடுவோர் உண்டு. டிசம்பர் 31 அன்று திருமணமாகியிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் மணமானவர் என்பதே வரிச் சட்டம். தனித்தனியே கணக்குக் கொடுக்கலாம். அல்லது வெளிநாட்டுத் துணைவரை வதிபவராகக் கருதும் தெரிவை எடுத்து, அவருக்கு வரி எண் வாங்கிக் கூட்டுக் கணக்குக் கொடுக்கலாம். தவறாகக் கொடுத்ததை 1040-எக்ஸ் படிவத்தால் திருத்த வேண்டும். திருமணம் உண்மையா என்று துருவும் அதிகாரி முன்னால், மணமாகாதவர் என்று அரசிடம் எழுதிக் கொடுத்த தாள் நல்ல சாட்சியல்ல.

வந்த பிறகு

கூட்டுக் கணக்கில் கையொப்பமிடும் துணைவர், அந்த ஆண்டு வரி முழுமைக்கும் தாமும் பொறுப்பாகிறார். திருமணத்துக்கு முந்தைய பாக்கி அவரைச் சேராது. ஆனால் கூட்டுக் கணக்கில் வர வேண்டிய ரீஃபண்டை ஐ.ஆர்.எஸ். அந்தப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும். தம் பங்கை மீட்க 8379 படிவம் இருக்கிறது. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் வரி பாக்கி உண்டா என்ற கேள்வியும் நேராக வருகிறது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் துணைவரே. 

கட்டாத வரியைப் பொறுத்தவரை பிரிட்டனில் நிலைமை வேறு. சுயதொழில் செய்யும் ஸ்பான்சர் கடைசி நிதியாண்டில் கட்ட வேண்டிய வரி, கட்டியது, கட்டாதது மூன்றுக்கும் சான்று தர வேண்டும் என்று அங்குள்ள குடிவரவு விதியே பெயர் சொல்லிக் கேட்கிறது. 2024 ஏப்ரல் 11 முதல் அங்கே 29,000 பவுண்டு ஆண்டு வருமானம் தேவை. அதுவும் வரிக்கு முந்தைய தொகைதான்.