மலையேறிய டீசல்

1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தபோது, மீரியபெத்த அமைந்த ஊவா மாகாணத்தின் தோட்டங்களிலிருந்து தேயிலை இறங்கவும் அங்கு அரிசி ஏறவும் வழி மேலும் விரிந்தது. ஆயின் நீராவி இயந்திரம் நிலக்கரி வெப்பத்திற் பத்திலொரு பங்கைக்கூட இழுவிசையாக்கவில்லை. நிலையத்தில் நின்றபோதும் கொதிகலன் எரிந்துகொண்டேயிருந்தது. அந்நிலக்கரியோ கடல் கடந்து வந்தது.

1954 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் இந்நிலையை மாற்றத் தொடங்கின. டீசல் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, மின்னோடிகள் சக்கரங்களை உருட்டின. எனவே ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தாலும் இயந்திரம் தனக்குகந்த வேகத்தில் இயங்கிற்று. 2021 இல் ஃபெராரி தனது 296 ஜிரிபி ஸ்போர்ட்ஸ் காரில் முன்னைய எட்டு உருளைகளை ஆறாகக் குறைத்து, மின்னோடியைத் துணைக்கொண்டமை வேறொரு நெறியைச் சார்ந்தது.

இறக்குமதி எரிபொருளால் மலையேறும் நாட்டில் இயந்திரத் தெரிவு சோற்றோடு தொடர்புற்ற வினா என்பதை 2022 இன் எரிபொருட் பஞ்சம் மெய்ப்பித்தது.