ரின்பால் பேணியும் முதல் சோறும்

எங்கட குசினிகளில் அரிசி மூட்டைக்குள் ஒரு பேணி கிடக்கும். சுண்டு வாங்காத வீட்டில் ரின்பால் பேணிதான் சுண்டு. அந்தப் பேணிக்குள் முதலில் இருந்த சீனிப்பால், ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்கான சாப்பாடு என்று சொல்லி விற்கப்பட்டது. இதை நாங்கள் அண்மையில்தான் வாசித்து அறிந்தோம். வாசிக்கத் தூண்டியது ஒரு கிளினிக் நாள்.

எங்களில் ஒருத்தியின் அக்கா ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கப் போனா. கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு பச்சையிலிருந்து கீழே சரிந்திருந்தது. "என்ன குடுக்கிறனீங்கள்? தண்ணிக் கஞ்சியோ? படிச்ச பிள்ளைதானே, இதுகூடத் தெரியாதோ?" என்று அங்கிருந்தவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து அழுதா. பிள்ளைக்குப் புரைக்கேறும் என்ற பயத்தில் அவ கஞ்சியைத் தண்ணியாகத்தான் குடுத்தா, அது உண்மை. ஆனால் அந்த மாதம் வீட்டில் முட்டையும் மீனும் வாங்கக் காசு இருக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

பிள்ளையின் நிறை குறைந்தால் முதல் காரணம் அம்மாவின் அறியாமை என்கிற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதைத்தான் நாங்கள் தேடிப் பார்த்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். கிளினிக்கில் சொன்ன விசயம் பிழையில்லை, சொன்ன விதம்தான் பிழை. ஆறு மாதமாகும்போது பிள்ளை பிறக்கையில் உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். 6 முதல் 8 மாதம் வரையான பிள்ளைக்குத் தாய்ப்பாலைவிட நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 9 மாதத்திலிருந்து அது 300 ஆகிறது. பிள்ளையின் வயிறோ சின்னன். மாவைக் காய்ச்சினால் அது தண்ணீரை உறிஞ்சித் தடிக்கும். தடித்ததை இளக்கத் தண்ணீர் விட்டால் வயிறு தண்ணீரால் நிரம்பும், சத்து போகாது. அதனால்தான் கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதத்தில் சோறும் பருப்பும் மசித்துக் குடுக்கச் சொல்லுகிறார்கள்.

எங்கட ஆச்சிமாரிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. குரக்கனையோ பயறையோ ஊறப்போட்டு, முளைகட்டி, காயவைத்து, வறுத்து இடிப்பது. முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதியம் மாப்பொருளை உடைக்கிறது. முளைகட்டிய மாவில் கஞ்சி அவ்வளவு தடிக்காது. ஆகவே அதே கிண்ணத்துக்குள் கூட மா போடலாம். நொதியத்தின் பெயர் ஆச்சிக்குத் தெரியாது, பதம் தெரியும்.

இதே வேலையைத்தான் 1860களில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஜஸ்டஸ் வொன் லீபிக் செய்தார். கோதுமை மா, முளைகட்டிய தானிய மா, பசுப்பால், கொஞ்சம் பொட்டாசியம் பைகார்பனேற் சேர்த்து ஒரு குழந்தை உணவை உருவாக்கினார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் மருந்துக் கலவையாளர் ஹென்றி நெஸ்லே, பாலும் சுட்ட கோதுமையும் சீனியும் கலந்த மாவை விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மா சில பிள்ளைகளைக் காப்பாற்றியும் இருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு விசயம் மாறியது. குசினிக்குள் இருந்த அறிவு பேணிக்குள் போனது. பேணியின் மேல் விஞ்ஞானியின் பெயர் வந்தது. அம்மா வாங்குகிறவள் ஆனாள்.

அடுத்த கதை ஆபிரிக்காவில் நடக்கிறது. ஜமேய்க்காவில் பிறந்த டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1929இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, குடியேற்ற அரசின் மருத்துவராகப் போனார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி வருகிற பிள்ளைகளைக் கண்டார். அவர்கள் அநேகமாக ஒரு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். பால்குடி மறந்தபிறகு சோளக் கஞ்சியை மட்டுமே குடித்து வந்தவர்கள். புத்தகத்தில் இந்த நோய்க்குப் பெயர் இருக்கவில்லை. வில்லியம்ஸ் அங்குள்ள பெண்களிடமே கேட்டார். கா மொழி பேசும் அந்தப் பெண்களிடம் பெயர் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் வருத்தம் என்பது அதன் கருத்து. காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1933இல் அவர் நோயை விபரித்து எழுதினார், 1935இல் அந்தப் பெயரையே பயன்படுத்தி லான்செற் சஞ்சிகையில் எழுதினார். இது ஏற்கெனவே அறியப்பட்ட பெலக்ரா நோய்தான் என்று மூத்த மருத்துவர்கள் மறுத்தார்கள். பெயர் நிலைக்கக் காலம் எடுத்தது.

1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் எங்கட ரின்பால் பேணி கதைக்குள் வருகிறது. சீனி போட்ட ரின்பாலைக் குழந்தைகளுக்கு நல்லது என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். தாதிமார் போல உடுத்திய பெண்கள் வீடுவீடாகப் போய் அம்மாமாரிடம் அதைச் சொன்னார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் வில்லியம்ஸ் பேசினார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. பொருத்தமில்லாத பாலைக் குழந்தைகளுக்குப் பிரசாரம் செய்வதைக் கொலையாகவே கருதவேண்டும் என்பது அவருடைய வாதம்.

அந்தப் பேச்சுக்குப் பலன் வர நாற்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. 1974இல் பிரித்தானியாவின் 'வோர் ஒன் வொண்ட்' அமைப்பு வறிய நாடுகளில் குழந்தைப் பால்மா விற்பனை பற்றி அறிக்கை வெளியிட்டது. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில், விலை கட்டாமல் மாவைக் குறைத்துக் கரைக்கிற நிலையில், பால்மா என்ன செய்யும் என்பதுதான் அதன் கேள்வி. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலக சுகாதார சபை, தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேச நெறிக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்ப்பு 1, அந்த ஒன்று அமெரிக்கா. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு நெறிக்கோவையைக் கொண்டுவந்தது. குழந்தைப் பால்மாவைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, அம்மாமாருக்கு இலவச மாதிரி குடுக்கக்கூடாது என்பவை இவ்வகை நெறிக்கோவைகளின் அடிப்படை.

கொம்பனிக்கு விளம்பரக் கட்டுப்பாடு வந்தது. அம்மாவுக்கு என்ன கிடைத்தது? இலங்கையில் அந்தக் கேள்விக்கு அரசு சொன்ன பதில் திரிபோஷ. சோளமும் சோயாவும் கலந்து விற்றமினும் கனியுப்பும் சேர்த்த மா அது. கெயார் நிறுவனத்தினதும் அமெரிக்க உதவியினதும் துணையோடு 1973இல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் அம்மாமாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோரும்தான் தின்போம், நாங்களும் தின்றோம். அதற்கும் அம்மாதான் பேச்சு வாங்குவா, பிள்ளைக்குக் குடுத்ததை வீட்டாருக்குப் பங்கு போட்டாய் என்று. வீட்டில் மற்றவர்களுக்கும் பசி இருந்தது என்பதை எந்தக் கொப்பியும் பதிவதில்லை.

திரிபோஷ தொடங்கிய அதே காலத்தை மலையகத்தில் வேறு மாதிரி நினைவுவைத்திருக்கிறார்கள். 1973, 1974இல் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டது, அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. நாட்டின் மற்றப் பக்கங்களில் கொஞ்சம் நிலமாவது இருந்தவர்கள் மரவள்ளியோ குரக்கனோ போட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்த நிலமும் இல்லை, நாட்கூலியும் போதவில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன, குழந்தை இறப்பு கூடியது. அந்த அம்மாமாருக்குக் கஞ்சியின் பதம் தெரியாமலா பிள்ளைகள் செத்தார்கள்?

தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையை விட்டுச்செல்லும் இடம். முதல் சாப்பாடு தொடங்குகிற வயதில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், பொறுமையாக, சிரிப்புக் காட்டித் தீத்தவேண்டும். அந்த நேரத்தில் அம்மா மலையில் நிற்கிறா. நிறை காணாவிட்டால் அன்றைய சம்பளம் குறையும். 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். இந்த இடைவெளியைச் சமையல் குறிப்பால் மட்டும் நிரப்பமுடியாது.

வடக்கில் எங்கட கதையும் இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வீட்டில் மா செய்யத் தெரிந்தவர்கள் உரலையும் திரிகையையும் திரும்ப எடுத்தார்கள். வீடு இருந்தபடியால் அது முடிந்தது. 2009இல் வன்னியில் வீடே இருக்கவில்லை. அரிசி, தண்ணீர், உப்பு, கிடைத்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். அந்தக் கஞ்சிக்குத்தான் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் குடிக்கிற அந்தக் கஞ்சிதான் சில பிள்ளைகளின் வாய்க்குள் போன முதல் சாப்பாடாகவும் இருந்திருக்கும். அது தண்ணிக் கஞ்சி. அதற்காக அந்த அம்மாமாரைக் குறை சொல்ல யாருக்காவது வாய் வருமா?

2022இல் நாடு முழுவதற்கும் அந்த நெருக்கடியின் ஒரு துண்டு வந்தது. சோளத்தில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு அளவுக்கு மேல் இருந்தபடியால், 6 மாதம் முதல் 3 வயது வரையான பிள்ளைகளுக்கான திரிபோஷ உற்பத்தி நின்றது. அப்போது திரும்பவும் அம்மாமாரைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது, வீட்டில் சத்துமா செய்யுங்கோ என்று. பயறும் கடலையும் உழுந்தும் என்ன விலைக்கு விற்றன என்பது கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் செய்யும் சாப்பாடு நல்லது. நாங்கள் அதற்கு எதிராக எழுதவில்லை. சோறு, பருப்பு, மசித்த முருங்கையிலை, நெத்தலித்தூள், ஒரு துளி எண்ணெய், இதைவிட நல்ல முதல் சாப்பாடு எந்தப் பேணிக்குள்ளும் இல்லை. எங்கட கோபமெல்லாம், வீட்டில் செய் என்று சொல்லுகிறவர்கள் வீட்டில் என்ன இருக்கு என்று கேட்காமல் போவதில்தான். வில்லியம்ஸ் செய்த பெரிய காரியமும் ஒரு கேள்விதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணிடம், இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னதை நம்பினார்.

அக்கா இப்போது கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சுகிறா. சம்பளம் வந்த கிழமையில் முட்டை, மற்றக் கிழமைகளில் பருப்பும் நெத்தலியும். அரிசியை அந்தப் பேணியால்தான் அளக்கிறா. அடுத்த கிளினிக் நாளில் எங்களில் ஒராள் கூடப் போவதாக இருக்கிறோம். "என்ன குடுக்கிறனீங்கள்" என்று கேட்டால், "என்ன வாங்கக்கூடியதாக இருக்கு என்றும் கேளுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லுவோம்.