குழாயின் வாயும் நீரின் வேகமும்

வந்த தண்ணீரைக் காட்டிலும் கொடுத்த தண்ணீர் அதிகம் என்று எழுதி வைத்த கணக்கு ஒன்று சரித்திரத்தில் உண்டு.

கி.பி. 97இல் நெர்வா சக்கரவர்த்தி, ரோமாபுரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களின் நிர்வாகத்தை ஃப்ரான்டைனஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். பிரிட்டனில் கவர்னராக இருந்தவர் அவர். கீழே உள்ளவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் ஆசாமி அல்ல. பழைய ஏடுகளைப் புரட்டினார். வரவு 12,755 குவினாரியா, விநியோகம் 14,018. இல்லாத 1,263 குவினாரியா எங்கிருந்து வந்தது?

குவினாரியா என்பது ஒன்றேகால் விரல் விட்டமுள்ள குழாய். அதன் வாயகலந்தான் ரோமாபுரியின் நீரளவு. ஃப்ரான்டைனஸ் கால்வாய்களின் தலைப்பிலேயே போய் அளந்தார். ஏட்டில் இருந்ததைவிடச் சுமார் 10,000 குவினாரியா கூடுதலாக இருந்தது! அவ்வளவும் எங்கே போயிற்று? முத்திரையில்லாத குழாய்கள், தெருவுக்கடியில் கள்ளத் துளைகள் எல்லாம் அகப்பட்டன. நீர்க்காரர்களின் திருட்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

திருட்டு நடந்தது உண்மைதான். ஆனால் உயரத்திலிருந்து வேகமாக வரும் நீர் அளவுக்கு மேல் கொடுக்கும், மந்தமாக வரும் நீர் குறைத்துக் கொடுக்கும் என்று அதே மனிதர் தம் நூலில் எழுதியிருக்கிறார். வேகத்தைக் கண்டார், அதைக் கணக்கில் சேர்க்கும் வித்தை அவரிடம் இல்லை. ஆகவே எத்தனை குவினாரியா திருடனுடையது, எத்தனை அளவுகோலுடையது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பழி மட்டும் பெரும்பாலும் நீர்க்காரர் தலையில் நின்றுவிட்டது.

வித்தை வர ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆயிற்று. வாயகலத்தை வேகத்தால் பெருக்கவேண்டும் என்று இத்தாலியில் காஸ்டெல்லி பாதிரியார் 1628இல் எழுதினார். அவருடைய சிஷ்யர் டாரிசெல்லி, நீரின் உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும் என்று 1644இல் காட்டினார்.

இன்றைய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கன்ட்ரோல் வால்வுக்கு இதே கணக்குத்தான். அமெரிக்காவின் மேசனீலன் கம்பெனி 1944இல் 'சி.வி.' என்ற எண்ணைக் கொண்டுவந்தது. முழுக்கத் திறந்த வால்வின் இருபுறமும் அழுத்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டாக இருக்கும்போது, நிமிஷத்துக்கு எத்தனை அமெரிக்க காலன் தண்ணீர் போகிறதோ அதுவே அந்த எண். சி.வி. பத்தானால் ஒரு பவுண்டுக்குப் பத்து காலன், நான்கு பவுண்டுக்கு நாற்பது அல்ல, இருபது, ஒன்பதுக்கு முப்பது. நீர் ஆவியாகத் தொடங்காத வரையில் இது பொருந்தும்.

இதை மறந்து, குழாயின் அகலத்தைப் பார்த்தே வால்வு வாங்குகிறவர் இன்றும் உண்டு. பெரிய வால்வு கொஞ்சம் திறந்தாலே வெள்ளம், கொஞ்சம் மூடினாலே வறட்சி என்று தத்தளிக்கும். அப்போது ஏச்சு கேட்பவர் வால்வைத் தேர்ந்தெடுத்தவர் அல்ல. பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. ரோமாபுரி நீர்க்காரரின் வாரிசு அவர்தான்.